“செத்துடலாம்போல இருக்கு” என்று ஒருவர் சொன்ன பிறகு

இதை வாசிக்கிற உங்களுக்கே இப்போது அந்த எண்ணம் இருந்தால், மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். 03-7627 2929 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மலேசியாவில் இப்படிப்பட்டவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே இருக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் தமிழ் பேசுபவர் இல்லையென்றால் தெரிந்த மலாயில் உடைத்துப் பேசினாலும் போதும், அவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். வீட்டில் அடி, வதை என்று இருந்தால் தாலியான் காசே, 15999. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. அழைத்துவிட்டு, வீட்டில் யாராவது விழித்திருக்கிற இடத்துக்குப் போய் உட்காருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, தனியாக மட்டும் இருக்க வேண்டாம்.

மற்றவர்களுக்காக மீதி.

பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் உதவி இல்லை என்று சொல்வது பாதி உண்மைதான். டவுனில் அரசு மருத்துவமனை இருக்கிறது, கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக் இருக்கிறது, 30 கிலோமீட்டர் தெற்கே ஈப்போ இருக்கிறது. அறுந்து கிடப்பது நடுவில் உள்ள வழி. தோட்டத்து லயத்திலோ தாமான் வீட்டிலோ ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பையன் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். அங்கிருந்து மருத்துவமனைக் கவுண்டர்வரை யார் கூட்டிப்போவது, எந்தக் காடியில் (காரில்), போய் என்ன சொல்வது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. தற்கொலை எண்ணம் மாதக்கணக்கில் உள்ளே இருக்கலாம். ஆனால் அது கையை மீறிப்போகிற உச்ச நேரம் பெரும்பாலும் சில மணி நேரம்தான், பலருக்கு நிமிடங்கள்தான். முயன்று பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் சாகவில்லை. ஆகவே அந்தச் சில மணி நேரத்தைக் கடத்திவிட்டால் கிடைப்பது ஒரு இரவு மட்டுமல்ல, பெரும்பாலும் ஒரு முழு ஆயுள்.

அடையாளங்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். “நான் இருந்து என்ன லா பண்ணப் போறேன்” என்ற பேச்சு எல்லார் காதிலும் விழும். மளிகைக்கடைப் பற்றைத் திடீரென்று முழுதாகக் கட்டித் தீர்ப்பது, மோட்டார் சாவியைத் தம்பி கையில் கொடுத்து “நீயே வச்சுக்க” என்பது, ஊழியர் சேமநிதியில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வருவது, நெடுநாள் பேசாத அக்காவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்பது, இவையெல்லாம் காதில் விழுவதில்லை. வாரக்கணக்கில் முகம் தொங்கிக் கிடந்தவர் ஒரே நாளில் தெளிந்து அமைதியாகிவிட்டால் வீடு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. மருந்தும் ஆலோசனையும் எதுவும் தொடங்காமல் வருகிற அந்த அமைதியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். முடிவெடுத்துவிட்டவருக்கும் அப்படி ஓர் அமைதி வரும்.

சந்தேகம் வந்தால் கேட்டுவிட வேண்டும், நேராக. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. இது திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட கேள்வி. கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை, சிலருக்குக் குறையவே செய்கிறது. கேட்கிற விதம்தான் முக்கியம். “அப்படி ஏதும் கிறுக்குத்தனமா நினைக்கலையே?” என்று கேட்டால் “இல்லை” என்ற ஒரே பதிலுக்குத்தான் இடமிருக்கிறது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “தம்பி, இவ்வளவு பாரம் இருக்கும்போது சிலருக்குச் செத்துடலாம்னுகூடத் தோணும். உனக்கு அப்படித் தோணுதா?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வர அரை நிமிடம் ஆகலாம், அந்த அரை நிமிடத்தை நீங்கள் பேசி நிரப்பக் கூடாது.

ஆமாம் என்றால் அங்கே நிறுத்திவிடாதீர்கள். எப்படி என்று யோசித்தாயா? எப்போது என்று நினைத்திருக்கிறாயா? அதற்காக ஏதாவது வாங்கி, எடுத்து வைத்திருக்கிறாயா? கடந்த மூன்று மாதத்துக்குள் ஏதாவது செய்துபார்த்தாயா? அவசரப் பிரிவு மருத்துவர்களும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் கேட்கிறார்கள். எண்ணம் மட்டும்தான், வழியோ நாளோ யோசிக்கவில்லை என்றால் இன்று கூடவே இருந்துவிட்டு நாளை காலையில் கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப்போகலாம். வழி, நாள், தயாரிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும், அண்மையில் முயன்றிருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். இன்றிரவே மருத்துவமனை.

“யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்று சத்தியம் கேட்பார். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். “ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்” என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மேல். “பிள்ளைங்க முகத்தை நினைச்சுப் பாரு” என்பது அன்பில் வருகிற பேச்சுதான். ஆனால் தான் குடும்பத்துக்குச் சுமை, தான் போய்விட்டால் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நம்புகிறவரிடம் அது எடுபடாது. குற்ற உணர்ச்சிதான் கூடும். “உனக்கு என்னா குறைச்சல்?” என்பதும் அப்படித்தான்.

இனி, கைக்கு எட்டும் பொருள்கள். என் பார்வையில் உயிர்களை அதிகம் காப்பது இதுதான். நம் வீடுகளில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ஒருவர் நினைத்திருக்கும் வழியை அவரிடமிருந்து தூரப்படுத்திவிட்டால், வேறு வழி தேடிப் போய்விடுவார் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலோர் போவதில்லை. இலங்கையில் ஆபத்தான பூச்சிமருந்துகளை 1984 தொடங்கி ஒவ்வொன்றாகத் தடைசெய்து வந்தார்கள். அங்கே தற்கொலை விகிதம் 1995இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. மக்களின் துயரம் மூன்றில் ஒன்றாகக் குறையவில்லை, துயரத்தில் கைக்கு எட்டியதுதான் மாறியது. மலேசியாவிலும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கிறது. ஆனாலும் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலும், பின்னால் சொந்தமாக நாலு மரம் வைத்திருப்பவர்கள் வீட்டிலும் சமையலறைக்கு வெளியே, குளியலறைப் பக்கம் பழைய போத்தல்கள் கிடக்கின்றன. சில சமயம் சிரப் போத்தலில், மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைத்திருப்பார்கள்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. வீட்டிலேயே பெட்டியில் பூட்டி வைத்தால் போதும் என்று தோன்றும். இலங்கையின் கிராமப்புறத்தில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. பெட்டி கொடுத்த கிராமங்களில் விஷம் குடிப்பது குறைந்ததாகத் தெரியவில்லை. சாவி எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியுமல்லவா? ஆகவே இந்த விஷ மருந்து வீட்டில் இருக்கவே கூடாது. தோட்டத்து மருந்தென்றால் தோட்ட ஸ்டோரிலேயே இருக்க வேண்டும், மிச்சத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது, எடுத்ததும் திரும்பி வந்ததும் மண்டோர் (மேற்பார்வையாளர்) கணக்கில் ஏற வேண்டும். சொந்த மருந்தென்றால் அந்த வேலைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதைச் சாக்கடையிலோ ஆற்றிலோ கொட்டாமல், விற்ற கடையிலோ விவசாய இலாகா அலுவலகத்திலோ எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

வீட்டு மாத்திரைகளும் அப்படியே. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தாத்தா பாட்டிகள் மாதக்கணக்கில் சேர்த்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார்கள். மிச்சமானதைக் கிளினிக் ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்துவிடலாம். நெருக்கடி முடியும்வரை மீதியை வேறு வீட்டில் இருக்கும் உறவினர் வைத்துக்கொண்டு தினமும் அன்றன்றைக்கு உரியதைக் கொடுக்கட்டும். எண்ணம் உள்ளவர் தன் வாயால் வேறு பொருள் எதையாவது சொல்லியிருந்தால், அதை அவருக்குத் தெரிந்தே, “இது கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுல இருக்கட்டும்” என்று சொல்லி எடுத்துப்போங்கள். ஒளித்துவைத்தால் தேடத் தூண்டும். கேட்டு வாங்கினால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்.

மதுவையும் இதே கணக்கில் வையுங்கள். குடி துக்கத்தைக் கரைப்பதாகத் தோன்றும், ஆனால் முதலில் கரைவது தயக்கம். “ஒரு போத்தல் வாங்கிக் குடு, தூங்கிடுவான்” என்று பெரியவர்கள் சொன்னாலும் அன்றிரவு ஒரு மிடறும் வேண்டாம். மலிவுச் சாராயமான சம்சுவாக இருந்தால் இன்னும் மோசம்.

யாராவது ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டார் என்று தெரிந்தால், அவர் தெளிவாகப் பேசினாலும், நடந்தாலும், “ஒண்ணும் ஆகலை” என்று சொன்னாலும் உடனே கிளம்புங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். அவை நுரையீரலுக்குள் போய் நிலைமையைக் கெடுக்கும். உடம்பிலோ துணியிலோ பட்டிருந்தால் துணியைக் களைந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். போத்தலை லேபிளோடு எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்கு அந்த லேபிள் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

அந்த இரவுப் பயணத்தை முன்பே யோசித்து வைக்காத வீடுகள்தான் அதிகம். 999க்கு அழைத்தால் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. மெயின்ரோட்டிலிருந்து எந்தச் சந்தி, கோயிலா பள்ளியா எது அடையாளம், எந்த டிவிஷன், லயத்தில் எத்தனையாவது வீடு என்று சொல்ல வேண்டும். செம்பனைக் காட்டு மண்பாதையில் ஆம்புலன்ஸ் திசைமாறிப் போவது நடக்கிறது. ஒருவர் டார்ச்சோடு மெயின்ரோட்டுக்குப் போய் நிற்கட்டும். ராத்திரி நேரம் தோட்டத்துக்குள் கிராப் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். காடி வைத்திருக்கும் இரண்டு பேரின் எண்கள் போனில் இருக்க வேண்டும். சொந்தக் காடியில் போனால் அவரைப் பின்சீட்டில் இருவருக்கு நடுவில் உட்காரவையுங்கள். அவரை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். கையில் ஐ.சி. (அடையாள அட்டை), சாப்பிட்டுவரும் மாத்திரை அட்டைகள், போன் சார்ஜர், ஒரு சட்டை.

கவுண்டரில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. வெட்கத்தில் “தலைவலி”, “மயக்கம்” என்று சொல்லிவிடுகிறார்கள். அவசரப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். தலைவலி என்றால் பச்சையில் போட்டு மணிக்கணக்கில் உட்காரவைப்பார்கள், நடுவில் அவர் எழுந்து போய்விடுவார். முதலில் பார்க்கும் எம்.ஏ.விடம், அதாவது மருத்துவ உதவியாளரிடம், மலாயில் இதை அப்படியே சொல்லுங்கள்: “அடேக் சாயா அடா நியாட் நாக் புனோ டிரி. டியா தா போலே திங்கால் சோராங்.” என் தம்பிக்கு (அல்லது தங்கைக்கு) தற்கொலை எண்ணம் இருக்கிறது, தனியாக விட முடியாது என்று பொருள். எல்லார் முன்னாலும் சொல்லக் கூசினால் தாளில் எழுதி நீட்டுங்கள். காத்திருக்கும்போது கழிவறைக்குப் போனாலும் ஒருவர் வாசலில் நிற்கட்டும்.

குடியுரிமை உள்ளவருக்கு அவசரப் பிரிவில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். குடியுரிமை இல்லாமல் நிரந்தர வசிப்பாளருக்கான சிவப்பு ஐ.சி. வைத்திருப்பவர்களும், ஐ.சி.யே இல்லாதவர்களும் பில்லுக்குப் பயந்து வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். இது நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிற கொடுமை. கூட்டிப்போங்கள், உயிர் முதலில். பணத்தைப் பற்றி மருத்துவ சமூகப்பணி இலாகாவிடம் பிறகு பேசலாம், அந்த இலாகா இருப்பதே இதற்காகத்தான்.

சிறிய மாவட்ட மருத்துவமனையில் மனநல நிபுணர் எந்நேரமும் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பணியில் இருக்கும் மருத்துவர் பரிசோதித்து, பெரிய மருத்துவமனை நிபுணரிடம் போனில் பேசி, தேவையென்றால் அங்கே அனுப்புவார். பேராக்கில் இந்த இடத்தில்தான் குடும்பம் மிரளும், “தஞ்சோங் ரம்புத்தானுக்கா?” என்று. ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா என்ற மனநல மருத்துவமனை 1911இலிருந்து அங்கே இருக்கிறது, நாலு தலைமுறையாக அதன் ஊர்ப்பெயர் நம்மிடையே வசைச்சொல்லாகப் புழங்குகிறது. இன்று அங்கே போகிறவர்களில் பலர் வெளிநோயாளிகள், பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள். நெருக்கடியில் வருகிற எல்லாரையும் அங்கே அனுப்புவதும் இல்லை, பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் அவரே சம்மதித்துச் சேர்வது ஒரு வழி. மறுத்தால், ஆபத்து இருக்கிறதென்று மருத்துவர் கருதும் நிலையில், 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உறவினரின் விண்ணப்பத்தோடும் மருத்துவரின் பரிந்துரையோடும் சேர்க்கலாம்.

போலீஸ் பயம் வேண்டாம். தற்கொலை முயற்சிக்கு ஓராண்டுவரை சிறை என்று சொன்ன குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023 மே மாதத்தில் மக்களவை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. “கேஸ் ஆயிடும்” என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்த காலம் முடிந்துவிட்டது. இந்த ஒரு செய்தியைக் கோயில் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் சொன்னாலே சில உயிர்கள் மிஞ்சும்.

கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையன் தூங்காமல், சாப்பிடாமல், தன்னந்தனியே பேசிக்கொண்டிருந்தால் முதலில் குறி கேட்கத்தான் போவார்கள். செய்வினை என்பார்கள், முனியாண்டி கோபம் என்பார்கள். அந்த வீட்டில் நின்று நம்பிக்கையோடு சண்டை போடுவதால் ஒரு பயனும் இல்லை. “திருநீறும் போடுவோம், கிளினிக்கும் போவோம்” என்று சேர்த்தே சொல்லுங்கள். பூசாரியே “டாக்டரையும் பாருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் மறுநாளே கிளம்பிவிடும். நேரத்தைக் கடத்தி மருந்தை நிறுத்தச் சொல்கிற இடம் என்றால் மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

உச்சம் தணிந்த பிறகு, அடுத்த முறைக்கான தாள் ஒன்று எழுத வேண்டும். பார்பரா ஸ்டான்லி, கிரிகோரி பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம் அது. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு இதை எழுதிக்கொடுத்து, பிறகு போனில் தொடர்ந்து விசாரித்ததில், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தைகள் 45 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2018இல் வெளியிட்டார்கள். அவர் கையெழுத்தில், அவர் வார்த்தையில் இருக்க வேண்டும். எனக்கு எண்ணம் வரப்போகிறது என்பதற்கு அடையாளம்: “மூணு நாள் தூக்கம் இல்லை, போனை எடுக்கப் பிடிக்கலை.” நானே செய்யக்கூடியது: “குளிக்கிறது, திடல்ல ரெண்டு சுத்து நடக்கிறது.” போய் உட்காரக்கூடிய இடம்: “அத்தை வீடு, ஒட்டுக்கடை.” விஷயத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடிய இருவர், எண்ணோடு. பிஃப்ரெண்டர்ஸ், கிளினிக், மருத்துவமனை எண்கள். கடைசியாக, வீட்டில் எதை யார் எடுத்து வைத்துக்கொள்வது. “தியானம் செய்வேன்” என்று செய்யாத ஒன்றை எழுதினால் அந்தத் தாள் வீண். எழுதியதைப் படம் பிடித்து அவர் போனிலும், அந்த இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் 13 முதல் 17 வயதுவரையுள்ள மாணவர்களில் 13.1 விழுக்காட்டினர் தற்கொலையைப் பற்றி எண்ணியதாகவும், 9.5 விழுக்காட்டினர் முயன்றதாகவும் சொன்னார்கள். நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் எண்ணியவர்கள் ஏறக்குறைய ஐந்து பேர், முயன்றவர்கள் ஏறக்குறைய நாலு பேர். தமிழ்ப்பள்ளியில் எல்லாரோடும் ஒரு குடும்பமாக இருந்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றில் மலாய்ப் பெருவெள்ளத்தில் தனியாக நிற்கிறது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வருகிற வாரம், காதல் வீட்டுக்குத் தெரிந்துவிட்ட நாள், போனைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் அடித்த இரவு, இந்த மூன்றிலும் பிள்ளையைத் தனியறையில் விடாதீர்கள். கடன் நெருக்கடியில் இருக்கும் ஆண்களுக்கு வேறு கணக்கு. வங்கிக் கடன் என்றால் கடன் ஆலோசனை அமைப்பான ஏ.கே.பி.கே. கட்டணமில்லாமல் தவணையை மறுசீரமைக்க உதவும். உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங் மிரட்டுகிறான் என்றால் போலீஸ் புகார், அதுவும் தனியாகப் போகாமல்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் அதிக ஆபத்து. ஊர் அதை “தப்பிச்சிட்டான்” என்று முடிந்த கதையாக எடுத்துக்கொள்கிறது. மறுநாள் ஒரு போன், மூன்றாம் நாள் ஒரு போன், பிறகு வாரத்துக்கு ஒன்று. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் “சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தூங்கினியா” போதும். நடந்ததைக் கிளறி விசாரணை செய்ய வேண்டாம், மறைத்துப் பேசவும் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் படம், கடிதம், எப்படி நடந்தது என்ற விவரம் எதுவும் போகக் கூடாது. ஊரில் இன்னொரு பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மனச்சோர்வு மாத்திரைகள் தூக்கத்தையும் பசியையும் முதலில் சரிசெய்யும், மனம் தெளிய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும். “ஒரு வாரம் போட்டும் ஒண்ணும் இல்லை” என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் படபடப்பும் அந்த எண்ணமும் கூடலாம். கூடினால் தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். முதல் மாதத்தில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும் மருந்து கொடுக்கும்படி கேளுங்கள், ஒருவர் கையில் வைத்துக் கொடுங்கள். நிபுணர் கிளினிக்கில் தொடர் சிகிச்சைக்கு ஒவ்வொரு தடவையும் ஐந்து வெள்ளிதான், ஆனால் வேலைநாள் சம்பளமும் ஈப்போவுக்குப் போய்வரும் செலவும் சேர்ந்தால் மூன்றாவது தேதியில் ஆள் வரமாட்டார். நிலைமை சீரான பின் மருந்தை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தானிலேயே வாங்கிக்கொள்ள எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு அரசு ஃபார்மசிகளில் இருக்கிறது. மருந்துச் சீட்டு கொடுக்கும் கவுண்டரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே.